நான் காய்ச்சாத வெந்நீர்

வாஷி
8 ஜனவரி 2025, புதன்

மச்சானுக்கு பீவி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும்.

போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று நினைப்பீர்கள். போனில் பேசிப் பேசி எனக்கு அலுத்துவிட்டது. நேற்று, "இன்னிக்கு என்ன சாப்ட்டீய?" என்று கேட்டேன். "செரி, செரி" என்றீர்கள். "காலு இன்னும் எரியுது மச்சான்" என்றேன். அதற்கும் "செரி, செரி, வச்சிருதேன்." எரிகிற காலுக்குச் 'செரி' சொல்கிற மனிதரிடம் என்ன பேசுவது? கத்திப் பேசலாம் என்றால் மருமகன் இஜாஸ் காதில் விழும். அதனால் எழுதுகிறேன். எழுதுவதை மறைக்கவும் வேண்டியதில்லை. நம் மகள் சஃபீனாவுக்குத் தமிழ் எழுத்துக்கூட்டி வாசிக்கவே ஒரு நாள் ஆகும். இஜாஸுக்கு அதுவும் வராது.

ஆஸ்பத்திரியிலிருந்து நேராக என்னை இங்கே கூட்டி வந்து ஒரு மாதம் ஆகிறது. முழங்காலிலிருந்து கணுக்கால்வரை புதுத் தோல் வந்திருக்கிறது, குழந்தை கன்னம் மாதிரி ரோஸ் நிறத்தில். சேலை பட்டாலும் சுரீர் என்கிறது.

வந்த முதல் வாரம் சஃபீனா என்னைக் குளியலறையில் ஸ்டூல் போட்டு உட்காரவைத்தாள். காலில் படாமல் பாலித்தீன் பையைச் சுற்றிக் கட்டினாள். குழாயைத் திருகிவிட்டுப் போனாள். வெந்நீர் வந்தது மச்சான். அடுப்பு இல்லை, பானை இல்லை, பிடிதுணி இல்லை. மொட்டை மாடியில் வெயிலில் காய்ந்த தண்ணீராம். கையை நீட்டியபடியே இருந்தேன். கல்யாணமாகி தாராவிக்கு வந்த நாளிலிருந்து எத்தனை பானை காய்ச்சியிருப்பேன், நான் காய்ச்சாத வெந்நீர் என் மேல் பட்டது அன்றைக்குத்தான். அழுதுவிட்டேன். சஃபீனா கால் எரிகிறதோ என்று பயந்து ஓடி வந்தாள். "ஒண்ணுமில்ல, சோப்பு கண்ணுல பட்டுட்டு" என்றேன்.

இனிமேல் எழுதப்போவதுதான் எழுத உட்கார்ந்த காரணம்.

நவம்பர் இருபத்தொன்பது, ஜும்ஆ. நீங்கள் கீழே மோரிக்குள் குளிக்கப் போய்க் கதவைச் சாத்தினீர்கள். நான் மேலே மாலாப் பரணில் அடுப்பிலிருந்து பானையை இறக்கிக்கொண்டு வழக்கம்போல ஏணியில் இறங்கினேன். நடு ஏணியில் கால் வழுக்கியது. கொதித்த தண்ணீர் முழுக்க என் காலில். கத்தினேன். உங்களுக்கும் எனக்கும் நடுவில் ஒரே ஒரு தகரக் கதவு. உள்ளேயிருந்து நீங்கள், "பீவி, வெந்நி எங்கே?" என்கிறீர்கள். நான் கத்துகிறேன். "வெந்நி எங்கேன்னு கேக்கேன்லா?" என்கிறீர்கள். பக்கத்து வீட்டு ஜம்புவின் பெண்சாதிக்குச் சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டு ஓடி வந்து என்னைத் தூக்கினாள்.

ஆஸ்பத்திரிக் கட்டிலில் வைத்து நீங்கள் என்னிடம் சொன்ன ஒரே வார்த்தை: "மெதுவா எறங்கியிருக்கலாம்லா."

நான் கத்தியது உங்களுக்குக் கேட்கவில்லையா மச்சான்?

பீவி


தாராவி
13 ஜனவரி 2025

பீவிக்கு ஜெயினுலாப்தீன். வ அலைக்கும் ஸலாம்.

கடிதம் சனிக்கிழமை கிடைத்தது. நாலு தடவை வாசித்தேன். நீ கேட்டதற்குப் பிறகு எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் நலம். பட்டறையில் வேலை இருக்கிறது. எண்ணெய் டின்கள் மூன்று வண்டி வந்து இறங்கின. எல்லாம் ஒரே நசுங்கல். ஒவ்வொன்றாக உள்ளே கட்டையைக் கொடுத்துத் தட்டி நிமிர்த்த வேண்டும். சோறு நானே வடிக்கிறேன். குழம்பு ஜம்பு வீட்டிலிருந்து வருகிறது. தினம் வேண்டாம் என்கிறேன், தினம் வருகிறது.

குளிப்பது பச்சைத் தண்ணீரில்தான். முதுகில் ஊற்றியதும் மூச்சு நின்று திரும்ப வருகிறது. பழகிவிடும். அடுப்பில் வைத்து இறக்கலாம். அந்தப் பானையைத் தொட எனக்கு மனம் வரவில்லை.

மெயின் ரோட்டுக் கடைக்காரன் ஒருவன், "சாச்சா, மோரியில கேஸ் கீசர் மாட்டிருங்க, ஒரே நிமிஷம், கொதிக்கக் கொதிக்க வரும்" என்று சொல்லி விலையை எழுதிக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். சின்னப் பெட்டிதான். ஆணி அடித்துத் தொங்கவிட்டால் போதும்.

எனக்கு வேறு ஒரு யோசனையும் இருக்கிறது. உங்கள் மாடியில் வெயில் காய்ச்சுகிறது என்றால் எங்கள் தகரக் கூரையில் காய்கிற வெயில் மட்டும் வேறா? பட்டறையில் நல்ல டிரம் ஒன்று கிடக்கிறது. கறுப்புப் பெயின்ட் அடித்துக் கூரையில் ஏற்றிவிட்டால்? முடிந்ததும் எழுதுகிறேன்.

உன் செருப்பு ஏணிக்குக் கீழே அன்று கழன்ற இடத்திலேயே கிடக்கிறது. எடுத்து ஓரமாக வைக்க வேண்டும் என்று தினம் நினைக்கிறேன்.

ஜெயினுலாப்தீன்


வாஷி
18 ஜனவரி 2025, சனி

மச்சானுக்கு,

நாலு தடவை வாசித்தாராம். கடைசி வரி மட்டும் நாலு தடவையும் கண்ணில் படவில்லை போலிருக்கிறது. கால் எப்படி இருக்கிறது என்றுகூட ஒரு வார்த்தை இல்லை. டின் நசுங்கியதற்கு நாலு வரி.

கோபத்தில் கிழித்துப் போட்டிருப்பேன். செருப்பைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அதனால் கிழிக்கவில்லை.

முதலில் ஒன்று. அந்தக் கேஸ் கீசரை வாங்காதீர்கள். இங்கே மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டிகளையும் கண்ணாடிக் குழாய்களையும் பார்க்க வந்தனா என்று ஒரு மராட்டிப் பெண் வருகிறாள். முப்பது வயது இருக்கும். இடுப்பில் ஸ்பேனர் தொங்கும். டாக்டர் நடக்கச் சொன்னதால் நான் லிஃப்டில் ஏறி மாடியில் நடக்கப் போவேன். அப்படிப் பழக்கம். அவளிடம் உங்கள் பெட்டியைப் பற்றிக் கேட்டேன். "மோரியில் ஜன்னல் இருக்கா ஆண்ட்டி?" என்றாள். இல்லை என்றேன். கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டாள். ஜன்னல் இல்லாத அறையில் அந்தப் பெட்டி எரிந்தால் விஷக் காற்று சேருமாம். மணம் இருக்காது, புகை இருக்காது, தலை சுற்றுவதற்குள் ஆள் விழுந்துவிடுவானாம். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிற பழக்கம் உள்ளவர் நீங்கள். வேண்டாம். என் மேல் ஆணை.

வந்தனா மாடி முழுக்கச் சுற்றிக் காட்டினாள். கறுப்புக் குழாய்கள் வரிசையாகச் சாய்ந்திருக்கின்றன. வெளியே ஒரு கண்ணாடி, உள்ளே ஒரு கண்ணாடி, நடுவில் காற்றுகூட இல்லையாம். அதனால் உள்ளே போன சூடு வெளியே வராது. மேலே படுக்க வைத்த உருளைத் தொட்டியில் வெந்நீர் தானாக ஏறிக்கொள்கிறது. மோட்டார் இல்லை. மழைக்காலத்துக்கு ஏசி மாதிரி ஒரு பெட்டி புதிதாக வைக்கிறார்கள். ஏசி அறைச் சூட்டை வெளியே தள்ளுமே, இது வெளிக்காற்றின் சூட்டை இழுத்துத் தண்ணீருக்குக் கொடுக்குமாம். கரண்ட் கொஞ்சம்தான் ஆகுமாம். பாதி எனக்குப் புரியவில்லை. ஆனால் அவள் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தேன். வெந்நீரைப் பற்றி இந்த உலகத்தில் இத்தனை பேர் யோசித்திருக்கிறார்கள். நம் வீட்டில் மட்டும் யாரும் யோசிக்கவில்லை. நானும்தான் யோசிக்கவில்லை. அடுப்பு இருக்கிறது, பானை இருக்கிறது, பீவி இருக்கிறாள் என்று போய்விட்டது.

டிரம்மை ஏற்றி என்ன ஆயிற்று? கூரையில் நீங்கள் ஏறினீர்களா? ஏறியிருந்தால் இதற்கும் ஒரு 'செரி' சொல்லிவிடாதீர்கள்.

பீவி


தாராவி
27 ஜனவரி 2025

பீவிக்கு,

கால் எப்படி இருக்கிறது? முன்பே கேட்டிருக்க வேண்டும்.

டிரம் கதையைக் கேள். கறுப்புப் பெயின்ட் இரண்டு கோட் அடித்தேன். நானும் ஜம்புவுமாகக் கயிறு கட்டி ஏற்றினோம். நிரப்பினோம். மதியம் மூன்று மணிக்குக் கையை விட்டேன், நல்ல சூடு. எனக்குப் பெருமை தாங்கவில்லை. தெருவில் நாலு பேரைக் கூப்பிட்டுத் தொட்டுப் பார்க்கச் சொன்னேன். மறுநாள் விடியுமுன் சுபுஹுத் தொழுகைக்குக் குழாயைத் திறந்தால் பச்சைத் தண்ணீர். வெயிலில் வாங்கிய சூட்டையெல்லாம் இருட்டுக்குக் கொடுத்துவிட்டு டிரம் சும்மா நிற்கிறது.

மூன்றாம் நாள் கூரைத் தகரம் உள்வாங்கிவிட்டது. ஜம்பு, "பாய், என்ன பண்ணுதீய? ஒரு யானையக் கொண்டு கூரையில வச்சிருக்கீய" என்று கத்திக்கொண்டு வந்து கீழிருந்து ஒரு கம்பை முட்டுக் கொடுத்தான். அவன் வாய் போன வேகத்தைப் பார்த்தால் இன்னும் நிறையச் சொல்லியிருப்பான். டிரம்மை இறக்கிவிட்டோம்.

கீசர் கடைக்காரனிடம் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

அந்த வந்தனாவை ஒருநாள் வந்து பார்க்கச் சொல். இரும்பு வேலை எதுவானாலும் நான் செய்துகொள்வேன். எனக்குத் தெரியாதது சூட்டைப் பிடித்துவைக்கிற வேலைதான்.

நீ தைத்துப் போட்ட போர்வையை எடுத்து மூடிக்கொள்கிறேன். இந்த வருஷம் குளிர் அதிகம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கு அது குளிர்தானா என்று தெரியவில்லை.

ஜெயினுலாப்தீன்


வாஷி
3 பிப்ரவரி 2025, திங்கள்

மச்சான்,

நேற்று வந்தனா தாராவிக்கு வந்து வீட்டைப் பார்த்தாள். இன்று காலை மாடியில் என்னைப் பிடித்துக்கொண்டாள். வீட்டைப் பற்றிச் சொல்வாள் என்று நினைத்தேன்.

உங்களிடம், "வீட்டில் எத்தனை பேர்?" என்று கேட்டாளாம். "டீக் ஹை" என்றீர்களாம், ஹிந்தியிலும் அதே 'செரி'தான். "கார்ப்பரேஷன் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும்?" "டீக் ஹை." அவள் கூரையை அளக்கத் திரும்பி நின்றுகொண்டு, "சாச்சா, கையை எடுங்க, தகரம் சரியுது" என்று இரண்டு தடவை சொல்லியும் நீங்கள் கையை எடுக்கவில்லையாம். அவள் இழுத்துவிட்டிருக்காவிட்டால் விரல் போயிருக்கும். பிறகு அவள் ஒரு சாக்பீஸை எடுத்து டின்னில் ஹிந்தியில் எழுதிக் காட்டினாளாம். அதற்கப்புறம் எல்லாவற்றுக்கும் ஒழுங்காகப் பதில் சொன்னீர்களாம்.

"ஆண்ட்டி, சாச்சாகோ சுனாய் நஹீ தேதா. ஆப்கோ மாலும் ஹை நா?" என்றாள். உங்களுக்குக் காது கேட்காதாம், அது எனக்குத் தெரியும்தானே என்று கேட்கிறாள்.

"மாலும் ஹை" என்றேன். பொய் சொன்னேன். நேற்றுப் பார்த்த ஒரு பெண்ணுக்குத் தெரிந்தது, முப்பத்தைந்து வருஷம் கூட இருந்த எனக்குத் தெரியவில்லை என்று எப்படிச் சொல்வேன்?

கொஞ்சம் மந்தம் என்று தெரியும். தட்டுகிற தொழிலில் யாருக்கு இல்லை? ஆனால் சுத்தமாகவா?

மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன். ஒவ்வொன்றாக நினைவு வருகிறது. நான் பேசினால் கையில் இருக்கிற வேலையை நிறுத்திவிடுவீர்கள். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். சஃபீனாகூடக் கேலி செய்வாள், "வாப்பா உம்மாவையே பாக்காங்க" என்று. எனக்கு உள்ளுக்குள் பெருமையாக இருக்கும். ஆசையில் பார்க்கிறீர்கள் என்று நினைத்திருந்தேன் மச்சான்.

உண்மையை எழுதுங்கள். இந்தத் தடவை எனக்கு டின்னும் வேண்டாம், பைப்பும் வேண்டாம்.

பீவி


தாராவி
7 பிப்ரவரி 2025, வெள்ளி

பீவி,

ஆசையிலும்தான் பார்த்தேன். அதை முதலில் எழுதிவிடுகிறேன்.

எட்டு, ஒன்பது வருஷமாக இருக்கும். முதலில் பள்ளிவாசல் பாங்கு சத்தம் தூரமாகப் போனது. மைக்கில் கோளாறு என்று நினைத்தேன். பிறகு மழை சத்தம் போனது. கூரைத் தகரத்தில் மழை விழும், நீ மேலே பார்ப்பாய், அதைப் பார்த்து நானும் பார்ப்பேன். எல்லாருக்கும் வருவதுதானே, போய்விடும் என்றிருந்தேன். போகவில்லை. அப்புறம் சொல்ல வெட்கம். செவிட்டு பாய் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் தாராவியில் அது வீட்டு நம்பர் மாதிரி ஒட்டிக்கொள்ளும். உனக்கும் செவிடன் பெண்சாதி என்று பெயர் வரும். அதுவும்தான்.

ஆனால் வீட்டில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. உன் வாயைப் பார்த்தால் எனக்கு எல்லாம் கேட்கும். நீ அடுப்பைப் பார்த்துக்கொண்டு பேசினால் அந்தப் பக்கம் வந்து நிற்பேன். சின்ன வீடு, எங்கே நின்றாலும் உன் முகம் தெரியும். அன்று மோரிக் கதவைச் சாத்திய பிறகுதான் நான் செவிடன் ஆனேன்.

சத்தியமாக எனக்கு ஒன்றும் கேட்கவில்லை பீவி. வெந்நீர் எங்கே என்று கேட்டேன். நீ ஏதோ பதில் சொல்லியிருப்பாய், எனக்குத்தான் எட்டவில்லை என்று நினைத்து மறுபடியும் கேட்டேன். ஈரத்தோடு கதவைத் திறந்தேன். ஜம்புவின் பெண்சாதி உன்னை மடியில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்து ஏதோ சொன்னாள். திட்டினாள் என்று நினைக்கிறேன். உன் வாய் திறந்திருந்தது. அதிலிருந்து ஒரு சத்தமும் எனக்கு வரவில்லை. உனக்குச் சுட்டதைவிட அது பெரிது என்று சொல்ல மாட்டேன். ஆனால் தினமும் அதைத்தான் பார்க்கிறேன்.

ஆஸ்பத்திரியில் நீ முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு ஏதோ சொன்னாய். வாய் தெரியவில்லை. தலையணை அசைந்ததில் நீ பேசினாய் என்று தெரிந்தது. என்ன சொன்னாய் என்று கேட்க வெட்கப்பட்டேன். கால் வழுக்கிவிட்டது என்றுதான் சொல்லியிருப்பாய் என்று வைத்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னேன். பிறகு நீ என்னைப் பார்த்த பார்வையிலேயே பதில் தப்பு என்று புரிந்தது. கேள்விதான் இன்றுவரை தெரியாது.

போனில் நான் 'செரி' சொல்வது அதனால்தான். நீ பேசுவது நின்றுவிட்டது என்று தோன்றினால் சொல்வேன். எடுக்காமல் இருந்திருக்கலாம். உன் பெயர் திரையில் வரும்போது எடுக்காமல் இருக்க முடியவில்லை.

வந்தனா அளந்துவிட்டாள். கூரை தாங்காது, தரையிலிருந்து இரும்புக் கால் எழுப்பி அதன் மேல்தான் வைக்க வேண்டும் என்கிறாள். அது என் வேலை.

ஜெயினுலாப்தீன்


வாஷி
12 பிப்ரவரி 2025, புதன்

மச்சான்,

உங்கள் கடிதம் வந்து இரண்டு நாளாகிறது. சஃபீனாவிடம் தலைவலி என்று சொல்லிவிட்டுப் படுத்திருந்தேன்.

அன்று நான் என்ன சொன்னேன் என்றுதானே கேட்கிறீர்கள். "நீங்க எங்கயும் போயிராதீய, கூடயே இருங்க" என்றேன். அதற்குத்தான் "மெதுவா எறங்கியிருக்கலாம்லா" என்றீர்கள். அதனால்தான் சஃபீனா கூப்பிட்டதும் இங்கே வந்துவிட்டேன்.

ஒன்பது வருஷம் என்னிடம் மறைத்திருக்கிறீர்கள். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. செவிடன் பெண்சாதி என்று பெயர் வந்தால் வரட்டும். இத்தனை நாள் காது கேட்டும் கேளாதவரின் பெண்சாதியாக அல்லவா இருந்திருக்கிறேன்? அதற்கு இது எவ்வளவோ மேல்.

நீங்கள் உண்மை சொல்லிவிட்டீர்கள். நானும் சொல்கிறேன். என் கால் ஆறி மூன்று வாரம் ஆகிறது. நடக்கிறேன், இறங்கிக் கடைக்குப் போகிறேன். இஜாஸ் நல்ல பிள்ளை, என்னைக் கண்ணில் வைத்துப் பார்க்கிறான். ஆனால் இது அவர்கள் வீடு. சோபாவில் உட்கார்ந்தால் அந்தச் சோபா நம்மை எழுந்துகொள்ளச் சொல்கிற மாதிரி இருக்கும். சாயந்திரம் ஜன்னலில் நின்றால் ஹார்பர் லைன் ரயில் போவது தெரிகிறது. ஒவ்வொரு ரயிலும் உங்கள் பக்கமாகப் போகிறது.

வெந்நீர் இல்லாததால் வராமல் இருக்கிறேன் என்று நினைத்துக் குழாயும் கம்பியுமாக ஓடிக்கொண்டிருக்கிறீர்கள். வெந்நீர் இல்லை மச்சான். எனக்கு அந்த ஏணி பயம். கண்ணை மூடினால் அந்தப் படிதான். நீங்கள் வெந்நீர் வந்துவிட்டது, வா என்று எழுதுவீர்கள், நான் என்ன காரணம் சொல்வேன் என்று பயந்துகொண்டே இருந்தேன். இப்போது சொல்லிவிட்டேன்.

நீங்கள் முதலில் காது டாக்டரிடம் போங்கள். ஜம்புவைக் கூட்டிக்கொண்டு போங்கள். 'டீக் ஹை' சொல்லிவிட்டு வந்துவிடாமல் அவன் பார்த்துக்கொள்ளட்டும்.

பீவி


தாராவி
24 பிப்ரவரி 2025, திங்கள்

பீவிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே காது டாக்டரிடம் போனேன். ஜம்பு கூடவே உட்கார்ந்து என் சார்பில் எல்லாவற்றையும் சொல்லிவிட்டான், நான் குறட்டை விடுவது உட்பட. போனது பாதிக்கு மேல் திரும்பாது என்று டாக்டர் எழுதிக் காட்டினார். மெஷின் கொடுத்திருக்கிறார்கள். முதலில் கேட்டது என் சொந்தச் செருப்புச் சத்தம். யாரோ பின்னால் வருகிறார்கள் என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தேன். ஜம்புவின் குரல் நான் நினைத்து வைத்திருந்ததைவிட ரொம்ப மெல்லிசு. பட்டறையில் மெஷினைப் போடக் கூடாது, தலை பிளந்துவிடும். வீட்டில் போட்டுக்கொள்கிறேன். வீட்டில் கேட்பதற்குத்தான் ஒன்றும் இல்லை.

இனி உன் வெந்நீர். இரும்புக் கால் மூன்று நம் தரையிலிருந்து எழுப்பிவிட்டேன். நாலாவது காலுக்கு இடமில்லை. ஜம்புவின் சுவரில்தான் உட்கார வேண்டும், அதுவும் அவன் வீட்டு நிழல் விழாத உயரத்துக்குப் போக வேண்டும். தயங்கித் தயங்கிக் கேட்டேன். "ஒத்தச் சொவருதானே பாய், எடுத்துக்கிடுங்க. ஆனா ஒரு பைப்பு எங்க பக்கமும் வரணும்" என்றான். அவன் மகள் பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். கொடுத்துவிட்டேன்.

வியாழக்கிழமை வந்தனா தொட்டியையும் குழாய்களையும் பொருத்தினாள். நூறு லிட்டர். அதற்கு மேலே பச்சைத் தண்ணீருக்கு ஒரு சின்னத் தொட்டி. என் டிரம் ஏன் தோற்றது என்று தொட்டியின் வெட்டுப் படம் போட்டுக் காட்டினாள். உள்ளே ஒரு தொட்டி, வெளியே ஒரு தொட்டி, நடுவில் விரல் தடிமனுக்கு நுரை. நான் வெறும் தகரத்தை நம்பியிருந்தேன். மழைக்காலத்துக்கு உள்ளே ஒரு கரண்ட் கம்பி இருக்கிறது, ஷாக் அடித்தால் தானே நின்றுவிடுகிற சுவிட்சோடு. வெள்ளிக்கிழமை சுபுஹுக்குத் திறந்தேன். ஆவி வந்தது. ஜம்பு வீட்டில் அன்றே குளித்துவிட்டார்கள்.

நான் இன்னும் பச்சைத் தண்ணீரில்தான். ஏனென்று கேட்காதே.

ஏணியைப் பற்றி எழுதியிருந்தாய். நீ எழுதிய பிறகு அதில் ஏறி இறங்கும்போதெல்லாம் எனக்கும் கால் கூசுகிறது. கீழே அடுக்கியிருந்த டின்களையெல்லாம் பட்டறைக்கு மாற்றிவிட்டேன். பட்டறையில் நடக்க இடமில்லை, பரவாயில்லை. அடுப்பைக் கீழே கொண்டுவந்து மோரிக்கு எதிர்ச் சுவரில் வைத்தேன். கட்டிலையும் கழற்றி இறக்கிக் கீழே பூட்டிவிட்டேன். மாலாவில் பெட்டிகள் மட்டும்தான். நீ இனிமேல் ஏற வேண்டியதில்லை. ஏதாவது வேண்டுமென்றால் என்னிடம் சொல். முன்னால் வந்து சொல்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை நோன்பு பிறக்கும் போலிருக்கிறது. தெருவில் விடியுமுன் சஹர் சோற்றுக்கு எழுப்பிக்கொண்டு போகிறவர்களின் சத்தம் எனக்குக் கேட்டுப் பல வருஷம் ஆகிறது. நீ காலைத் தொட்டு எழுப்புவாய். தூங்கும்போது மெஷின் போடக் கூடாதாம். "நான் எழுப்புதேன் பாய்" என்கிறான் ஜம்பு. எழுப்புவான். நல்ல மனுஷன்.

இத்தனை கடிதத்திலும் நான் எழுதாத ஒன்று இருக்கிறது. நீயாக வருவாய் என்று இருந்துவிட்டேன். கேட்டு நீ மாட்டேன் என்றால் அதை வாசிக்க வேண்டியிருக்குமே என்றும் இருந்தேன்.

வா பீவி. நீ இல்லாமல் எனக்கு இருக்க முடியவில்லை.

ஜெயினுலாப்தீன்


தாராவி, நம் வீடு
1 மார்ச் 2025, சனி, மதியம்

மச்சானுக்கு,

இதை ஜம்புவிடம் கொடுத்தனுப்புகிறேன். பதறாதீர்கள், நல்ல சேதிதான்.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. இன்று காலை இஜாஸ் வாஷி ஸ்டேஷன்வரை வந்து ஏற்றிவிட்டான். சஃபீனா அழுதாள். ஜிடிபி நகரில் இறங்கி டாக்ஸி பிடித்து முதலில் பட்டறைக்குத்தான் வந்தேன். வாசலில் நின்றேன். நீங்கள் முதுகைக் காட்டி உட்கார்ந்து ஒரு டின்னைத் தட்டிக்கொண்டிருந்தீர்கள். மெலிந்துவிட்டீர்கள். சட்டையில் முதுகுத் தையல் விட்டிருக்கிறது. தொட்டுக் கூப்பிடத்தான் வந்தேன். ஆனால் அந்தத் தெரு நடுவில் வைத்து உங்களைத் தொட்டால் நான் அழுதுவிடுவேன், நாலு பேர் பார்ப்பார்கள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

சாவியை ஜம்புவின் பெண்சாதி கொடுத்தாள். என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, "மதினி, காலக் காட்டுங்க" என்று புடவையைத் தூக்கிப் பார்த்தாள். அவள் பேரப்பிள்ளை பிறந்து நாலு நாள் ஆகிறதாம். நம் தண்ணீரில்தான் குளிப்பாட்டினார்களாம்.

அடுப்பை வைத்த இடம் நன்றாக இருக்கிறது. கட்டிலின் தலைப்பக்கம் மட்டும் மாற்ற வேண்டும், நீங்கள் தொழுகிற கிப்லாப் பக்கமே காலை நீட்டிப் படுத்திருக்கிறீர்கள். ஏணி நின்ற இடத்திலேயே நிற்கிறது. ஒரு கையால் பிடித்துப் பார்த்தேன். ஏறவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்.

பிறகு மோரிக்குள் போய்க் குழாயைத் திறந்தேன். முதலில் கொஞ்சம் பச்சைத் தண்ணீர் வந்தது. பிறகு சூடு வந்தது. வாஷியில் வருவதைவிட அதிகச் சூடு. பாதி வாளி பச்சைத் தண்ணீர் கலக்க வேண்டியிருந்தது. தலைக்கு ஊற்றினேன். அவசரமே இல்லாமல், தண்ணீர் ஆறிவிடும் என்ற நினைப்பே இல்லாமல் குளித்தேன். மிச்சத் தண்ணீரில் பின்னால் குளித்தே பழகியவளுக்கு எப்போது போதும் என்று நிறுத்துவது என்று தெரியவில்லை.

சோறு ஆகிவிட்டது. மீன் வாங்கிக் குழம்பு வைத்திருக்கிறேன். சாயந்திரம் பிறை தெரியும் என்கிறார்கள். ஜம்புவிடம் சஹருக்கு எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கையில் இருக்கிற டின்னோடு வேலையை நிறுத்திவிட்டு வாருங்கள். நான் தலையை விரித்துப் போட்டுக்கொண்டு வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்தைந்து வருஷத்தில் இந்த வீட்டில் உங்களுக்கு முந்தி நான் வெந்நீரில் குளித்தது இன்றைக்குத்தான்.

பீவி